ஆவிதானே

டிசம்பர் 9, திங்கள்

ஒருவழியாக ஆய்வு முடிந்தது. மூன்று நாளாக மனிதனை மனிதனாக இருக்க விடவில்லை. கழிப்பறைக்கு வெள்ளையடி, விடுதிப் பையன்களுக்கு முடி வெட்டு, ஆய்வகத்தில் உடைந்த பீக்கரை அலமாரிக்குப் பின்னால் தள்ளு. இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தவனை விடுதிக் காப்பாளராகவும் ஆக்கி, குடியிருக்க ஒரு ஓட்டு வீட்டைக் கொடுத்து, இருபத்திரண்டு வருடமாக இந்தப் பள்ளி என்னைப் பிழிந்துகொண்டிருக்கிறது.

அதிகாரிகள் ஒன்பது மணிக்கு என்று சொல்லிவிட்டு எட்டேகாலுக்கே வந்து நின்றார்கள். பையன்கள் தட்டும் கையுமாக வரிசையில் நிற்கிறார்கள், இட்லி இறங்கவில்லை. சமையலறையில் ஒரே களேபரம். இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்தபோது ஆவி அடித்து, சமையல் செய்யும் சண்முகக்கனியம்மாளுக்கு வலதுகை சிவந்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. “ஆவிதான பட்டுச்சு, கொதிதண்ணியா ஊத்திச்சு? வெளிய வரிசை நிக்குது, இட்லிய எடும்மா” என்றேன். அவளும் கையில் இட்லி மாவை அப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். கெட்டிக்காரி.

அதிகாரி ஒரு இட்லியைப் பிட்டுப் பார்த்து, பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார். தலைமையாசிரியர் கை குலுக்கினார். சாயங்காலம் மிக்சியைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

அரையாண்டுத் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு அறிவியல் வினாத்தாள் அச்சாகி வந்துவிட்டது. போன மாதமே தயாரித்துக் கொடுத்தது. இரண்டு எழுத்துப் பிழை, அச்சகத்தான் புண்ணியம்.

கனியம்மாளின் கையில் கொப்புளம் எழும்பியிருக்கிறது. மாவு காய்ந்து தோலோடு ஒட்டிக்கொண்டு பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது. இடது கையால் சாம்பார் ஊற்றினாள், பாதி தரையில். அலமாரியிலிருந்த தீப்புண் களிம்பை எடுத்துக் கொடுத்தேன். துணி பிடிக்காமல் அடுப்படியில் வேலை பார்த்தால் இப்படித்தான் ஆகும் என்று நாலு வார்த்தை சொல்லவும் செய்தேன். களிம்பை இடுப்பில் செருகிக்கொண்டு இடது கையால் கரண்டியை எடுத்தாள்.

ஆவுடை ராத்திரிச் சாப்பாட்டின்போது, கனிக்கு என்ன ஆச்சாம் என்று கேட்டாள். என் மனைவிக்கு ஊர்ச் செய்தி எதுவும் தப்பாது. ஆவி பட்டுவிட்டது என்றேன். எப்படி என்றாள். சமையலறை என்றால் ஆவி வராமல் என்ன செய்யும் என்று எரிந்து விழுந்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

டிசம்பர் 11, புதன்

கனியம்மாள் வரவில்லை. உதவிக்கு இருக்கிற பெண் சமைத்தாள். சாம்பாரில் உப்பு இல்லை.

டிசம்பர் 13, வெள்ளி

இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று கனியம்மாளின் மகள் வந்து சொன்னாள். பள்ளி வேனில் தென்காசிக்கு அழைத்துப் போனேன். வழி முழுவதும் கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வேன் குழியில் இறங்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள், சத்தமே இல்லை. கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

டாக்டர் சின்னப் பெண். கையில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. புறங்கையும் விரல்களும் முழங்கை வரைக்கும் வெந்திருக்கின்றன, சீழ் வைத்திருக்கிறது. சுட்டதும் எவ்வளவு நேரம் தண்ணீரில் கையை வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். வைக்கவில்லை, மாவு தடவினோம் என்றேன். கொதிதண்ணியா, ஆவியா என்றாள். ஆவி என்றேன்.

“ஆவின்னா தண்ணிய விட மோசம்னு தெரியாதா சார்? பத்தாங்கிளாஸ் புக்குலயே இருக்கே. நாலு நாள் விட்டிருக்கீங்க. தோல் சுருங்கினா விரல் மடங்காது. நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?”

விடுதிக் காப்பாளர் என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். பக்கத்தில் கனியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 14, சனி

தலைமையாசிரியர் கூப்பிட்டார். தாளாளர் காதுக்கு விஷயம் போய்விட்டதாம். பணி நேரத்தில் நடந்த விபத்து என்றால் வைத்தியமும் நிர்வாகம் பார்க்க வேண்டும், கை சரியாகும் வரை வேலையையும் பிடித்து வைக்க வேண்டும். யார் பொறுப்பு என்று விசாரணையும் வரும். “அந்தம்மா தானாப் பண்ணிக்கிட்டதுதான சார்? அப்படியே ஒரு விண்ணப்பமா எழுதி வாங்கிருங்க. நீங்க எழுதினா கச்சிதமா இருக்கும்” என்றார்.

எழுதினேன். விடுப்பு கேட்டு, நிர்வாகம் கருணை கூர்ந்து உதவ வேண்டும் என்று, எட்டு வரி. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். வலதுகையில் கட்டு. அதனால் இடது பெருவிரலை மையில் ஒற்றி வைத்தாள். காப்பி போடச் சொன்னாள் மகளிடம். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மிக்சி திரும்பி வந்தது. இன்னும் அதே சத்தம்.

டிசம்பர் 16, திங்கள்

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் தேர்வு. தேர்வறை மேற்பார்வை எனக்குத்தான். தாளை விநியோகித்துவிட்டு ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். இருபத்தாறாவது கேள்வி:

‘கொதிநீரால் ஏற்படும் புண்ணைவிட நீராவியால் ஏற்படும் புண் கடுமையானது. ஏன்? அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.’ ஐந்து மதிப்பெண்.

நான் போட்ட கேள்வி. வருடம் தவறாமல் போடுகிற கேள்வி. ஐம்பத்தெட்டுப் பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நிற்க இடமில்லாமல் வராந்தாவில் போய் நின்றேன்.

டிசம்பர் 18, புதன்

திருத்தல். வெந்நீர் வைக்கவும், தண்ணீர் மோட்டார் போடவும், விடுதிக்குக் காய்கறி வாங்கவும் நடுநடுவே எழுந்து போக ஒரு சாக்கு கிடைத்தது. பிறகு மறுபடி அதே விடைத்தாள் கட்டு.

விடைக்குறிப்பையும் நான்தான் எழுதி வைத்திருக்கிறேன். நல்ல விடைக்குறிப்பு. நூறு டிகிரியில் நீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு அடுப்பை எவ்வளவு எரித்தாலும் வெப்பமானி ஏறாது. அதுவரைக்கும் துகள்களை வேகமாக ஓடவைத்த வெப்பம், அதற்குமேல் அவற்றை ஒன்றிடமிருந்து ஒன்று பிரித்துவிடுவதில் செலவாகிறது. ஆகவே நூறு டிகிரி நீரும் நூறு டிகிரி ஆவியும் வெப்பமானிக்கு ஒன்றுதான். துகள்களின் சராசரி வேகமும் ஒன்றுதான். ஆனால் பிரிப்பதற்காக வாங்கிய ஆற்றல் அத்தனையும் ஆவியிடம் இருக்கிறது. தோலில் பட்டு அது மறுபடி நீராகும்போது அவ்வளவையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. கொதிநீர் சுடுகிற சூடு அதற்குப் பிறகுதான் ஆரம்பம். இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

இதையெல்லாம் விளக்கத்துக்கான மூன்று மதிப்பெண்ணுக்கு எழுதிவைத்த ஆள்தான், ஆவிதான பட்டுச்சு என்று சொன்னவனும். தெரியாமல் சொன்னால் மடத்தனம். தெரிந்துகொண்டே சொன்னதற்கு என்ன பெயர் வைக்க?

பதினேழு பையன்கள் எடுத்துக்காட்டு என்ற இடத்தில் ‘நம் விடுதி கனியக்காவுக்கு ஏற்பட்டது போல’ என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சரி போட்டேன்.

டிசம்பர் 19, வியாழன்

இன்று ஒரு தாள். வரிசை எண்ணை எழுதப் போவதில்லை. விளக்கமெல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி முடிகிறது: ‘மூடியைத் தூக்குபவர் மீது ஆவி படுவதில்லை. மூடி அவரை மறைத்துக்கொள்ளும். எதிரில் நிற்பவர் மீதே படும்.’

குறும்புக்கு எழுதியதில்லை. பார்த்ததை எழுதியிருக்கிறது பிள்ளை. பரிமாறும் ஜன்னல் வழியாகச் சமையலறை முழுவதும் தெரியும். அன்றைக்கு அந்த ஜன்னலுக்கு முன்னால்தான் வரிசை நின்றது.

ஐந்துக்கு ஐந்து போட்டேன். போட்டுவிட்டு, தாளைக் கட்டின் அடியில் செருகினேன். பிறகு வெளியே எடுத்தேன். மறுபடி செருகினேன். ஐம்பத்திரண்டு வயதில் செய்கிற வேலையா இது?

டிசம்பர் 20, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இது என் நோட்டு, இதில்கூட மறைத்தால் எங்கே போய்ச் சொல்ல?

மூடியைத் திறந்தது நான்.

கனியம்மாள் குனிந்து அடுப்பின் கேஸ் திருகை மூடிக்கொண்டிருந்தாள். “சார், கொஞ்சம் பொறுங்க, ஆவி அடங்கட்டும்” என்றாள். தெளிவாகக் கேட்டது. வாசலில் அதிகாரியின் செருப்புச் சத்தமும் கேட்டது. நான் துணியை எடுத்து, மூடியின் பிடியைப் பிடித்து, என் பக்கமாகச் சாய்த்துத் தூக்கினேன். எனக்கு ஒரு சொட்டுப் படவில்லை. பொறுங்க என்று நீட்டிய அவள் கை என் எதிரில் இருந்தது. துணி பிடிக்காமல் வேலை பார்த்தாள் என்று அவளைத் திட்டினேனே, அந்தத் துணி என் கையில் இருந்தது.

டிசம்பர் 21, சனி

புதுச் சமையல்காரி வந்துவிட்டாள். கனியம்மாளை நின்றுகொள்ளச் சொல்லியாகிவிட்டதாம், எனக்கே மதியம்தான் தெரியும். வைத்தியமும் கிடையாது. அடுத்த வாரம் தோல் வைத்துத் தைக்கத் திருநெல்வேலிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள், அதையும் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். “அந்தம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்களே சார், நாம என்ன செய்ய முடியும்?” என்று கோப்பைத் திறந்து என் கையெழுத்திலிருந்த விண்ணப்பத்தை எனக்கே காட்டினார்.

அதன் ஆறாவது வரி: ‘என் சொந்தக் கவனக்குறைவால் நானே மூடியைத் திறந்ததில் இக்காயம் ஏற்பட்டது, இதற்கு நிர்வாகமோ வேறு எவருமோ பொறுப்பல்லர்.’

வாசித்துக் காட்டினேன் என்று பதினான்காம் தேதி எழுதியிருக்கிறேன். இந்த ஒரு வரியை வாசிக்கவில்லை. ஐந்திலிருந்து ஏழுக்குப் போனேன். குரல்கூடத் தடுமாறவில்லை, அவ்வளவு சரளம். கூசுகிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆவுடையிடம் சொல்லிவிட்டேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்றாள். ஊருக்கே தெரியுமாம். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் இரண்டு நாளாக இவளைக் கண்டதும் பேச்சு நின்றுவிடுகிறதாம்.

“படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயிலுன்னு சும்மாவா சொன்னாங்க” என்றாள். நான் எதிர்பார்த்தது திட்டு. அவள் அழுதாள். வெளியே சொன்னால் வேலைக்கு ஆபத்து வரும், இந்த வீடும் போகும் என்று சொல்லிப் பார்த்தேன். ஓய்வுக்கு ஆறு வருடம் இருக்கிறது என்றேன். கனிக்கும் கையால்தானே பிழைப்பு என்றாள். காய் அப்படியே கிடந்தது, மதியம் மோர்ச்சாதம்.

சாயங்காலம் உட்கார்ந்து புதிதாக ஒரு கடிதம் எழுதினேன். தாளாளருக்கு, என் பெயரில். நாலு தடவை எழுதிக் கிழித்து ஐந்தாவது தேறியது.

டிசம்பர் 23, திங்கள்

காலையில் கனியம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், மகள் பின்னால் நின்று தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் வருவதைப் பார்த்தும் மகள் வாருவதை நிறுத்தவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். அன்றைக்கு வாசிக்கும்போது ஒரு வரியை விட்டுவிட்டேன் கனியம்மா, வேண்டுமென்றுதான் விட்டேன் என்றேன். வழியில் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்து வந்ததுதான்.

“தெரியும் சார்” என்றார். “நான் எட்டாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன். தாளு என் கண்ணு முன்னாலதான இருந்துச்சு.”

பதினோரு வருடம் என் விடுதியில் சமைத்தவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. கரண்டி பிடிக்கிற கைதானே என்று, படிக்கத் தெரியாது என நானே முடிவுகட்டியிருக்கிறேன். தெரிந்துமா வைத்தீர்கள் என்று கேட்டேன். அவரை நான் நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

“எப்படி சார் கேக்க? இம்புட்டுப் படிச்ச மனுசன் எம் முன்னால உக்காந்து பொய் வாசிக்கிய. எனக்குல்லா வெக்கமாப் போச்சு. எப்ப எந்திரிச்சுப் போவியளோன்னு இருந்துச்சு. அதான் வச்சுக் குடுத்தேன்.”

மகள் சீப்பை எடுத்துவிட்டாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அவர் பட வேண்டிய வெட்கமா அது? என் பங்கையும் சேர்த்து அவர் பட்டிருக்கிறார், காய்ச்சலோடு. சட்டைப் பையிலிருந்து புதுக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். இடது கையில் வாங்கி, மடியில் வைத்து விரித்து, வாய்விட்டு வாசித்தார். மெதுவாக, எழுத்துக் கூட்டி, ஒன்றையும் விடாமல்.

‘கடந்த ஒன்பதாம் தேதி காலை, ஆவி அடங்குமுன் அவசரத்தில் கொப்பரையின் மூடி திறக்கப்பட்டது. அதனால் சண்முகக்கனி அம்மாளின் வலதுகையில் கடுமையான காயம் ஏற்பட்டது. முந்தைய விண்ணப்பத்தில் உண்மைக்கு மாறான வரி சேர்க்கப்பட்டுவிட்டது.’

அந்த இடத்தில் நின்றார். திரும்ப மேலே போய் ஒரு தடவை வாசித்தார்.

“யாரு தொறந்தான்னு இல்லியே சார்.”

அலுவல் கடிதத்தில் அப்படித்தான் எழுதுவோம், சோதனைக் குறிப்பிலும் அப்படித்தான், செய்தவர் பெயர் வராது என்றேன். சொல்லச் சொல்லவே எனக்குப் புரிந்தது.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். எங்க அடுப்படியில மூடி தானாத் தொறக்காது. அன்னிக்கு எனக்கு ‘நானே’ன்னு போட்டியள்லா? ஒங்களுக்கும் போடுங்க.”

கோபமில்லை. உப்பு குறைவு என்று சொல்வது போல்தான் சொன்னார். மகள் உள்ளே போய் ஒரு பேனாவைக் கொண்டுவந்து நீட்டினாள். வாசல்படியில் தாளை வைத்து, ‘திறக்கப்பட்டது’ என்பதை அடித்துவிட்டு எழுதினேன். ‘சேர்க்கப்பட்டுவிட்டது’ என்பதையும் அடித்தேன். இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான் சேர வேண்டியிருந்தது. 

மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். “மொதல்ல இதக் குடுத்துட்டு வாங்க சார்” என்றார்.

டிசம்பர் 24, செவ்வாய்

தலைமையாசிரியர் அறை. விடுமுறைக்கு முந்தின நாள், ஆசிரியர்கள் எல்லாரும் மதிப்பெண் பட்டியலோடு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வரத்தான் நினைத்துப் போனேன். அப்படி வைத்தால் கோப்புக்குள் போய் அங்கேயே இருந்துவிடும். நின்று வாசித்தேன். ‘நான் திறந்தேன்.’ ‘நான் சேர்த்தேன்.’ ஒரு வரியும் விடவில்லை. பட்டியலை நீட்ட வந்த கணக்கு ஆசிரியர் நீட்டிய கையோடு நின்றார்.

தலைமையாசிரியர் எழுந்து கதவைச் சாத்தினார். நல்ல மனிதர்தான், என் மேல் பிரியமுள்ளவர். விசாரணை வந்தால் காப்பாளர் பதவி போய்விடும், வீட்டைக் காலி பண்ண வேண்டும், ஊதிய உயர்வு நிற்கும், வேலையேகூடப் போகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடிதத்தை என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

“இன்னும் ரெண்டு நாள் யோசிங்க சார். லீவு முடிஞ்சு வந்து பேசிக்கலாம்.”

“நான் யோசிச்சுக்கிட்டு இருந்த நாள்லதான் சார், அந்தம்மா விரல் மடங்காமப் போச்சு” என்றேன்.

கடிதத்தை அவர் பக்கம் தள்ளினேன். அவர் எடுக்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.